கழிக்காத மூன்று

அத்தியாயம் ஒன்பது

“அந்தப் பிள்ள ஏதாவது பண்ணிக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா. இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள.”

காலை எட்டு மணிக்குக் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்த மனிதர் இப்படிச் சொன்னபோது என் வாயில் பாதிப் பணிஸ் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஹட்டன் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். எங்கள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பலகையில் நாகலெட்சுமி அக்காவின் பெயர் மட்டும்தான் உண்டு. இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழ்ப் பொய்யைச் சிங்களத்துக்கும் சிங்களப் பொய்யைத் தமிழுக்கும் மாற்றி மாற்றியே பொய்யின் வாடை பிடிபட்டுவிட்டது என்பார். நான் வைரவன். ஆட்டோ என்னுடையது. ஆட்டோவுக்கு பிரேக் இருக்கிறது, உன் வாய்க்கு இல்லை என்பது அக்காவின் நெடுநாள் புகார். அது எவ்வளவு சரி என்று அன்றைக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

வந்தவர் கலாநிதி கோகுலராஜ். கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். ஹட்டன் கடைவீதி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல ஸ்வெட்டர், நல்ல சப்பாத்து, தூங்காத கண். காணாமல் போனவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி வினோதா, வயது இருபத்தேழு. டயகமவில் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மாவின் ஒரே மகள். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய தோட்டத்து லயத்துக்கு வந்திருந்தவளைத் திங்கட்கிழமை காலையிலிருந்து காணவில்லை. இன்று புதன்.

“காம்பரா கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்திருக்கு. ஒடச்சிப் பாத்தா உள்ள ஆள் இல்ல” என்றார்.

“உள்பக்கம் தாழ்ப்பாள், உள்ள ஆள் இல்லன்னா அது கோயில் பூசாரி எடுக்கிற கேஸ் சார்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மீதிப் பணிஸ் தானாக உள்ளே இறங்கிவிட்டது.

“ரெண்டு மணிக்கு என்ன?” என்று கேட்டார் அக்கா.

“விசாரணை. மண்சரிவுல கண்டி ரோடு அடைபட்டிருக்கில்ல, அதனால சூம்ல நடக்குது. வினோதா என்னோட கட்டுரையப் பாத்துக் காப்பி அடிச்சிட்டான்னு புகார். புகார் குடுத்தவனே நான்தான். அது என் கடமைம்மா. ஆனா அவ சாகணும்னு நான் நெனைக்கல.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னைக்கு வரலன்னா பதிவ ரத்துப் பண்ணிருவாங்க. அதோட அவ படிப்பு முடிஞ்சிது. அவளோட ஆராய்ச்சி நோட்டக் கொண்டுவந்து என் கையில குடுத்து, மன்னிப்புக் கேட்டான்னா நான் எப்படியாவது காப்பாத்திருவேன். திங்கக்கிழம அவங்க அம்மா போன்ல அழுதத கேட்ட உடனே கண்டியில இருந்து ஜீப்ப எடுத்துட்டு வந்துட்டேன்.”

“எதக் காப்பி அடிச்சாங்க?”

அவர் தன் கட்டுரையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு இரண்டாக எண்கள். 10–21, 11–20, 12–19 என்று பக்கம் முழுக்க ஜோடிகள்.

“தேயிலையில கொப்புள நோய் வருதில்ல? அந்தப் பூஞ்சணத்துல இருக்கிற ஒரு புரதம் இது. புரதம்னா அமினோ அமிலங்களக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் வரிசையா நம்பர் உண்டு. ஆனா சங்கிலி நீட்டி நிமிந்து கெடக்காது. மடிஞ்சி சுருண்டுக்கும். அப்ப நம்பர்ல எங்கயோ தள்ளி இருக்கிற ரெண்டு கண்ணி ஒண்ணையொண்ணு தொடும். எது எதத் தொடுதுன்னு கண்டுபிடிச்சாதான் அந்தப் பிடிப்ப எங்க ஒடைக்கலாம்னு தெரியும். நோயக் கட்டுப்படுத்தலாம். அணுவுக்கு அணு நாலரை ஆங்ஸ்ட்ரமுக்குள்ள வந்தா தொடுதுன்னு கணக்கு.”

“நம்ம லயத்துல ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல அவ்வளவு எடந்தான் சார் இருக்கு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “வினோதா இந்த அட்டவணைய அப்படியே எடுத்து, காப்பி அடிச்சது தெரியக்கூடாதுன்னு ஒவ்வொரு நம்பர்லயும் மூணு மூணாக் கொறச்சிருக்கா. நான் 10–21ன்னு போட்டா அவ 7–18ன்னு போட்டிருக்கா. பக்கம் பூரா அப்படித்தான்.”

அக்கா கடதாசியை மடித்துக் கைப்பையில் வைத்தார். “கெடச்ச உடனே உங்களுக்குச் சொல்றோம்” என்றார்.

அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாவி.

*

தலவாக்கலை தாண்டி அக்கரப்பத்தனை ரோட்டில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் அக்கா யாருக்கோ போன் போட்டுச் சிங்களத்தில் ரோட்டைப் பற்றி விசாரித்தார். பிறகு கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு விரலால் எண்களைத் தடவிக்கொண்டே வந்தார்.

“வைரவா, இந்தப் பக்கம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு ஏறுது. அந்தப் பக்கம் இருபத்தொண்ணு, இருபது, பத்தொம்பதுன்னு எறங்குது. ஏன்?”

“நான் ரோட்டப் பாக்கவா, கடதாசியப் பாக்கவா? ஒண்ணுல தப்புனா பரவாயில்ல. இன்னொண்ணுல தப்புனா பள்ளத்துல கெடப்போம்.”

“சங்கிலி நேராப் போயி, மொனையில திரும்பி, தன்னை ஒட்டியே வருது. அதான். போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல தொடுகை.”

“பிள்ளைய ஆத்துல தேடிக்கிட்டிருக்காங்களாம். நீங்க சங்கிலியத் தேடுறீங்க.”

எனக்கே என் பேச்சு பிடிக்கவில்லை. பயம் வந்தால் என் வாய் அதிகமாக வேலை செய்யும். அன்று டயகம போய்ச் சேரும் வரை ஓயவில்லை.

*

பேச்சியம்மா ஏழாம் காம்பரா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த அழுகை இல்லை அது. குரல் செத்த பிறகும் உடம்பு மட்டும் அழுதுகொண்டிருந்தது. கீழே ஆற்றோரம் லயத்து ஆண்கள் மூங்கில் கழிகளைத் தண்ணீரில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை ஒரு கழி எதிலாவது முட்டி நிற்கும்போதும் அவள் பாதி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எனக்கு வேறு பக்கம் பார்க்கத் தோன்றியது.

“திங்கக்கிழம காலையில நான் பெரட்டுக்குப் போறப்ப படுத்திருந்தா” என்றாள். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் இடம். “மத்தியானம் வந்தா கதவு தொறக்கல. ஆறாம் காம்பரா ஆளுங்கதான் ஒடச்சாங்க. பொலிஸ்ல வந்து ஆறையும் எட்டையும் நல்லாக் கிண்டிக் கெளறிட்டுப் போனாங்க. அந்த ரெண்டு பக்கச் செவுத்து மேலயும் தகரம் அடிச்சிருக்கு, ஏறவே முடியாது. கேம்பஸ் சாரு மணிக்கு ஒருக்கா தோட்டத்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறாரு, தங்கமான மனுசன். எம்பிள்ளைய முனி கொண்டு போயிருச்சாம்மா?”

அக்கா அவள் கையைப் பிடித்தார். பிறகு வெளியே வந்து கதவுகளில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் லயம் முடிந்தது. அக்கா முனையைச் சுற்றித் திரும்பினார். பின்பக்கம் பதின்மூன்றில் தொடங்கியது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் அது. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர்.

அக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

“பன்னெண்டுக்குப் பின்னால பதிமூணு. பதினொண்ணுக்குப் பின்னால பதினாலு. இந்தப் பக்கம் ஏறுது, அந்தப் பக்கம் எறங்குது. அப்ப ஏழுக்குப் பின்னால?”

நான் விரல் விட்டு எண்ணினேன். “பதினெட்டு.”

“பொலிஸ் ஆறையும் எட்டையும் கேட்டாங்க. நம்பர்ல பக்கத்துல இருக்கிறவன்தான் பக்கத்து வீட்டுக்காரன்னு நெனச்சிட்டாங்க.”

திரும்பி வந்து ஏழாம் காம்பராவின் விறகுப் பரணை நிமிர்ந்து பார்த்தோம். பின்சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. சுவரின் விளிம்பு நெடுக அடுப்புக் கரி அட்டை கனத்துக்குப் படிந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குத் துடைத்து எடுத்த மாதிரி வெளுப்பு.

“பின்னாலயும் தேடுனீங்களாம்மா?” என்று அக்கா கேட்டார்.

பேச்சியம்மாவின் முகம் சுருங்கியது. “பதினெட்டுல அன்னம்மா இருக்கா. பீலிக் குழாய்த் தண்ணியால வந்த சண்ட. ஆறு வருசமா நான் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கிறதில்ல.”

அந்த லயத்தில் முன்வரிசைக்காரர்கள் ஒரு கங்காணியின் ஆட்கள், பின்வரிசைக்காரர்கள் இன்னொரு கங்காணியின் ஆட்கள். ஒரு வரிசை மற்ற வரிசையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அத்தோடு இரண்டு பெண்களின் ரோஷமும் சேர்ந்தால் அந்தச் சுவர் எத்தனை முழம் என்று எந்தப் பொலிஸுக்குத் தெரியும்?

*

அன்னம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். “இங்க யாரும் இல்ல” என்றாள். அடுப்பில் ரொட்டி இரண்டு வெந்துகொண்டிருந்தது. தனியாக வாழ்கிற மனுஷி.

அக்கா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருட்டுக்குள் பார்த்து மெல்லிய குரலில் சொன்னார். “வினோதா, ஒங்கம்மா செவுத்துக்கு அந்தப் பக்கம் செத்துக்கிட்டிருக்காங்க.”

விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்து நின்றாள். கரி அப்பிய முகம். மார்போடு ஒரு நீல நோட்டுப் புத்தகம்.

உயிரோடு இருக்கிறாள்! அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையே வந்துவிட்டது. “கெடச்ச உடனே சொல்றோம்” என்று அக்கா வாக்குக் கொடுத்தது மட்டும் நினைவில் இருந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே உள்ள வளைவில்தான் சிக்னல் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். மழையில் ஓடினேன். “சார், கெடச்சிட்டாங்க! பின்வரிசை, பதினெட்டாம் காம்பரா. நோட்டும் கையில இருக்கு!” என்று குரல் பதிவு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

திரும்பி வந்து பல்லெல்லாம் தெரியச் சொன்னேன்.

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. வினோதா அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

“அவருகிட்ட இருந்துதான் இந்தப் பிள்ள ஒளிஞ்சிருக்கு” என்றார் அக்கா.

அட்டவணை அவளுடையது. மூன்று வருட வேலை. ஆய்வுக்கூடக் கணினியிலிருந்து அதை எடுத்துத் தன் பெயரில் கட்டுரையாகப் போட்டவர் கோகுலராஜ். அவள் ஆய்வேட்டைக் கொடுத்ததும் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டார்.

“நோட்டக் குடு, காப்பி அடிச்சேன்னு கையெழுத்துப் போடு, மன்னிச்சு விடச் சொல்றேன்னு ஞாயித்துக்கெழம போன் பண்ணாரு” என்றாள் வினோதா. “நான் முடியாதுன்னேன். திங்கக்கிழம அம்மா போன கையோட மேல் ரோட்டுல ஜீப் வந்து நின்னுச்சு. தாழ்ப்பாளப் போட்டுட்டுப் பரண்ல ஏறிட்டேன். அவரு கதவத் தட்டத் தட்ட, இந்தப் பக்கம் அன்னம்மாக்காதான் கால் புடிச்சு எறக்குனாங்க. அம்மாகிட்ட சொல்லல. அவங்களுக்கு அந்த ஆளு சாமி. இன்னைக்கு ரெண்டு மணிக்கு இந்த நோட்டோட விசாரணைக்குப் போயிட்டா போதும்னு இருந்தேன்.”

“எனக்கும் பேச்சிக்கும் ஆகாதுதான்” என்றாள் அன்னம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. “அதுக்காகப் பிள்ளையக் கீழ தள்ளி விடவா?”

“கண்டி ரோடு ஞாயித்துக்கெழம மத்தியானமே அடைபட்டிருச்சு. திங்கக்கிழம கண்டியில இருந்து ஜீப் வரவே முடியாது. அதுக்கு முன்னாடியே வந்துட்டு நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கான்” என்றார் அக்கா என்னைப் பார்த்து. “வழியில விசாரிச்சப்பவே தெரிஞ்சிது. ஒங்கிட்ட சொல்லாதது என் தப்பு வைரவா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பிள்ளைய ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஓடிருவோம் அக்கா” என்றேன். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. ஆள் ஹட்டனில் இருக்கவில்லை; அக்கரப்பத்தனை வரை வந்து எங்கள் செய்திக்காகக் காத்திருந்திருக்கிறார்.

*

கோகுலராஜ் நேராக இங்கே வரவில்லை. முன்வரிசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, “பேச்சியம்மா, ஒங்க மக உயிரோட இருக்கா! பதினெட்டுல!” என்று கூவினார். அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருந்தது.

பேச்சியம்மா செருப்பில்லாமல் சேற்றில் ஓடிவந்தாள். மகளை இழுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோகுலராஜின் பக்கம் திரும்பிக் காலில் விழப்போனாள். அவர் பதறித் தூக்கினார்.

“அதெல்லாம் வேணாம்மா. அந்த நோட்ட மட்டும் வாங்கிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“வேணாம்மா!” என்று வினோதா அலறினாள். “அவருதாம்மா திருடுனாரு!”

“அம்மா, குடுக்காதீங்க” என்று அக்கா குறுக்கே வந்தார்.

பேச்சியம்மாவுக்கு அக்கா யார்? காலையில் வந்த ஆள். சார் யார்? மகளைக் கேம்பஸில் உட்காரவைத்துப் படிப்பிக்கிற பெரியவர். தோட்டத்துத் துரை, மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, டொக்டர், சார் என்று படித்தவர் கேட்டால் இரண்டு கையாலும் கொடுத்தே பழகிய பெண் அவள்.

“வாய மூடுடி! நன்றி கெட்டவளே. ரெண்டு நாளா நமக்காகத் தூங்காம அலைஞ்சிருக்காரு” என்று சொல்லிக்கொண்டே மகளின் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி, சேலையில் துடைத்து, குனிந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

நான் பாய்ந்தேன். அக்கா என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார். “அடிச்சா அதையே சாட்சியாக் கொண்டு போவான்” என்று பல்லைக் கடித்தார். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. மணி ஒன்று ஐந்து.

*

பேச்சியம்மா மகளின் முகத்தைப் பார்த்துத்தான் தான் செய்ததைப் புரிந்துகொண்டாள். ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் சரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். அன்னம்மா போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“தேதி போட்டு எல்லாம் அதுலதான் எழுதியிருந்தேன்” என்றாள் வினோதா. “வேற சாட்சி இல்ல. போகட்டும். எல்லாம் போகட்டும்.”

அந்தக் குரல் எனக்கு ஆற்றங்கரையை நினைவூட்டியது. எல்லாம் என் வாயால் வந்த வினை.

அக்கா மட்டும் கீழே உட்கார்ந்து காலையில் வாங்கிய கடதாசியை விரித்தார். “ஒண்ணு சொல்லு. மூணு ஏன் கொறச்ச?”

“அதச் சொல்லி என்னாகப்போகுது? விசாரணைக்கு எழுத்துலயும் குடுத்தேன். நம்பல.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “எங்களுக்கு வந்த கோப்புல புரதத்தோட தலையில மூணு கண்ணி கூடுதலா இருந்துச்சு. புரதத்தப் பிரிச்சு எடுக்கிறதுக்காக லேப்ல ஒட்டுன கைப்பிடியோட மிச்சம். இயற்கையில அது கெடையாது. கம்ப்யூட்டர் அதையும் சேத்து எண்ணிரும். அதனால எல்லாத்துலயும் மூணு கழிக்கணும். நான் கம்ப்யூட்டர்ல கழிக்கல. நோட்டுல கையால கழிச்சேன்.”

“ஏன் கையால?”

வினோதா வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. “பழக்கம். சின்னதுல அம்மாவோட மடுவத்துல நிப்பேன். தராசு காட்டுறத யாரும் அப்படியே எழுத மாட்டாங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும் மூணு கிலோ கழிச்சுத்தான் எழுதுவாங்க. நோட்டுலயும் ‘சாக்கு மூணு’ன்னுதான் எழுதி வச்சிருந்தேன்.”

அக்கா நிமிர்ந்தார். பிறகு அந்தக் கேடுகெட்ட நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

“கொழுந்த நிறுத்தவளுக்குச் சாக்கு இருக்கிறது தெரியும். தராசு முள்ள மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போனவனுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளு கம்ப்யூட்டர்ல இருந்தத எடுத்தான். கழிக்கல. கழிக்கணும்னே தெரியாது.”

“அக்கா, எனக்கு வெளங்கல” என்றேன்.

“இந்தப் பிள்ள ஒரு தப்பு பண்ணுது. ஏன் கழிச்சேன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சி போயிட்டா. வினோதா, அத விட்டுரு. ஏன் கழிக்கலன்னு அவனக் கேளு. இந்த அட்டவணையில, வேற எதோடயும் சேராத ஜோடி ஏதாவது இருக்கா? நம்பர் தப்புனா உடனே தெரியிற மாதிரி?”

வினோதா கடதாசியைப் பிடுங்கினாள். கரி படிந்த விரல் ஓடிப்போய் ஓரிடத்தில் நின்றது. 41–88.

“சிஸ்டீன் ஜோடி” என்றாள். “ரெண்டு சிஸ்டீன் கண்ணி பக்கத்துல வந்தா கொக்கி மாட்டுன மாதிரி பூட்டிக்கும். வேற எந்தக் கண்ணியும் அப்படிப் பூட்டாது. உண்மையில அது முப்பத்தெட்டும் எம்பத்தஞ்சும். இந்தப் புரதத்தோட வரிசை இணையத்துல இருக்கு. யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்.”

“அப்ப நோட்டு எதுக்கு? வைரவா, ஆட்டோவ எடு.”

*

சிக்னல் வளைவில் ஆட்டோவை நிறுத்தினேன். முன்சீட்டில் நான், பின்சீட்டில் அக்கா, வினோதா, பேச்சியம்மா. பக்கத்தில், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தூக்கிப்பிடித்துச் சாரல் அடிக்காமல் மறைத்தது அன்னம்மா. வினோதாவின் போனில் ஐந்து பேராசிரியர்களின் முகம். ஆறாவது கட்டத்தில் ஜீப்புக்குள்ளிருந்து கோகுலராஜ். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அக்கா பழைய தொழிலை மறக்காமல் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கோகுலராஜ் பேசினார். மாணவியின் மனநிலை பற்றிக் கவலை என்றார். அவள் தலைமறைவாக இருந்தாள் என்றார். நோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. தலைமைப் பேராசிரியை, வெள்ளை முடிக் கொண்டையோடு இருந்த அம்மா, “வினோதா, உங்கள் ஆதாரம் எங்கே?” என்று கேட்டார்.

“என்னிடம் இல்லை மேடம். சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?” என்றாள் வினோதா. “சார், உங்கள் அட்டவணையில் நாற்பத்தொன்றில் என்ன இருக்கிறது?”

“சிஸ்டீன்” என்றார் கோகுலராஜ் சட்டென்று. “எண்பத்தெட்டோடு பூட்டிக்கொள்கிறது. கட்டுரையின் முக்கியமான கண்டுபிடிப்பே அதுதான்.”

“மேடம், தயவுசெய்து பொது வரிசையைத் திறந்து நாற்பத்தொன்றைப் பாருங்கள்.”

அந்த நேரம் பார்த்து முகங்கள் உறைந்து நின்றன. சிக்னல் போய்விட்டது! நான் ஆட்டோவை நியூட்ரலில் போட்டு, இறங்கி, பின்னாலிருந்து தள்ளினேன். பத்தடி. இருபதடி. முழங்கால் வரை சேறு. வாழ்க்கையில் நான் அன்றைக்குத்தான் வாயைத் திறக்காமல் வேலை செய்தேன்.

மறுபடி உயிர் வந்தபோது தலைமை அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“நாற்பத்தொன்றில் அலனின் இருக்கிறது கலாநிதி கோகுலராஜ். சிஸ்டீன் முப்பத்தெட்டில் இருக்கிறது.”

“ஓ... அது... அச்சுப்பிழை. எல்லா எண்ணும் மூன்று தள்ளிப் போயிருக்கும்.”

“அப்படியானால் மாணவியின் எண்கள்தான் சரி. உங்கள் தவற்றைப் பார்த்து எழுதியவள் எப்படிச் சரியாக எழுதினாள்?”

கோகுலராஜின் கட்டம் இருட்டானது. மழையில் சிக்னல் போயிருக்கலாம், அல்லது அவரே அணைத்திருக்கலாம்.

வினோதா மூச்சு விடாமல் மூன்று கண்ணிகளின் கதையைச் சொன்னாள். அந்த அம்மா எழுதிக்கொண்டார். வினோதாவின் பதிவு ரத்தாகாது, இனி விசாரணை கோகுலராஜின் கட்டுரை மீதுதான், நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் விசாரிக்கப்படும் என்று அக்கா மொழிபெயர்த்து முடிக்கும் முன்னாலேயே நான் ஹோர்னை அமுக்கிவிட்டேன்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாளு, ரெண்டு ராத்திரி ஒப்பாரி வச்சேனே. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா.”

“ஒரு வாட்டி இருமிக் காட்டியிருக்கக் கூடாதாடி? ஒரே ஒரு வாட்டி?”

ஐந்து பேராசிரியர்களுக்குப் பதில் சொன்னவள் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சியம்மா தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“இருமியிருந்தா, ஓடிப்போயி அந்த ஆளுகிட்ட சொல்லித்தான் இருப்பேன்.”